மாலை போட்ட வண்டி

அன்புள்ள செந்தில்,

நேற்று நீ போனில் ஜீப்பைப் பற்றிக் கேட்டபோது "பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். "எங்க அப்பாகிட்ட எதைக் கேட்டாலும் பாக்கலாம்தான்" என்று நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். சிரித்துவிட்டுப் போ. ஆனால் இந்த விஷயத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. முடியாது என்பதுதான் என் பதில். போனில் அப்படிச் சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய், நான் ஏதாவது பொய் சொல்வேன். ஏற்கெனவே ஒரு பொய்யை உன்னிடம் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதன் மேல் இன்னொன்றை அடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொண்டு படி.

நீ கேட்டது இரண்டு. வருகிற தை மாதம் மயிலாடுதுறையில் உன் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் ஜீப்பைப் பூவால் ஜோடித்து, அதில் நீ உட்கார்ந்து கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம் வர வேண்டும். "போட்டோவுல செம்மையா இருக்கும்ப்பா, அவளும் ஆசைப்படுறா" என்றாய். கல்யாணம் முடிந்த கையோடு அதை விற்றுவிட வேண்டும் என்பது இரண்டாவது. பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுசாக்கி விற்கிற ஆள் கொச்சியில் ஒருவர் இருக்கிறாராம், நீ ஏற்கெனவே படம் எல்லாம் அனுப்பிவிட்டாயாம். "பாலம் கட்டியாச்சு, ரோடு போட்டாச்சு, உங்களுக்கு முழங்கால் வேற போச்சு. இன்னும் எதுக்குப்பா அந்த டப்பா? முக்கியமான அன்னைக்கே காலை வாரிவிட்ட வண்டிதானே அது?" என்று கேட்டாய். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில் வண்டிக்கு உண்டான நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை நான் அரசாங்க ஏலத்தில் எடுத்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. அப்போதே அதற்கு வயதாகிவிட்டது. நம் ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். மெத்தென்ற சீட்டு கிடையாது, கண்ணாடி சரியாக ஏறாது, மழை பெய்தால் தார்ப்பாய் வழியாகத் தொடையில் சொட்டும். கிளட்சை மிதிக்க நல்ல தொடை வேண்டும். ஆனால் கியர் பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த குட்டிக் கம்பி ஒன்று இருக்கிறதே, அதைத் தள்ளிவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஐப்பசி மாதக் களிமண்ணில் ஆளே நடக்க முடியாத வரப்போரத்தில் அது முனகிக்கொண்டே போகும். அதில் நாற்று முடி ஏற்றியிருக்கிறோம், உர மூட்டை ஏற்றியிருக்கிறோம், சினைப்பசு ஒன்றை ஏற்றியிருக்கிறோம், வாக்குப்பெட்டி ஏற்றியிருக்கிறோம், உன் அக்கா பெரியவளானபோது சீர்வரிசைத் தட்டு முழுக்க அதில்தான் வந்தது. கெட்டுப்போனால் குத்தாலத்து மெக்கானிக் பாய் ஒரு ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வருவார், டீ ஆறுவதற்குள் சரிபண்ணிவிட்டுப் போவார். போன பொங்கலுக்கு நீ உன் புதுக் காரைக் களத்து மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து சேற்றில் இறக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அதன் திரையில் என்னென்னவோ விளக்கு எரிந்தது, மணி அடித்தது, ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். கடைசியில் இந்த டப்பாதான் கயிறு கட்டி இழுத்தது.

நடவு நாட்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதும் அதில்தான். நம் டிராக்டர் ஓட்டுகிற கதிர்வேலுவின் மனைவி மல்லிகா எப்போதும் பின்னால் கடைசியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். நீ லீவுக்கு வந்தால் வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கி ஏற்றுவாய். "தம்பி, மெல்லங்க! வயித்துல இருக்கறது இங்கேயே குதிச்சிடப் போவுது" என்று அவள் கத்துவாள், வண்டி முழுக்கச் சிரிக்கும். அவளுக்கு அது முதல் குழந்தை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்தது. திருக்கடையூர், வைத்தீஸ்வரன்கோயில் என்று அவர்கள் போகாத இடமில்லை. இதையெல்லாம் நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

இனி உன் அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். ஐப்பசி மாதம், வீட்டு வாசலில் பந்தல். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அதிகாலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. நீ திருச்சியில் பரீட்சை எழுதிவிட்டு ரயில் ஓடாமல் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தாய். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற வடிகாலில் அப்போது இந்தப் புதுப்பாலம் கிடையாது, தரைப்பாலம்தான். அதன் மேல் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்து ஜீப்தான் அக்கரைக்கும் இக்கரைக்கும் நடை அடித்தது. சமையல் பாத்திரம், வாழை இலைக் கட்டு, மேளக்காரர்கள், சம்பந்தி வீட்டுப் பெண்கள் என்று எத்தனை நடை போனது என்று எனக்கே கணக்கில்லை. அத்தனை நடையும் ஓட்டியது கதிர்வேலு. ஒரு தடவை கூட என்ஜின் அணையவில்லை.

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஏற்பாடு செய்திருந்த கார் அக்கரையில் நின்றதால், ஜீப்பையே ஜோடித்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். தார்ப்பாயைக் கழற்றி, கழுவித் துடைத்து, முகப்பில் பெரிய ரோஜா மாலை, பக்கவாட்டில் சாமந்திச் சரம், சீட்டில் வெள்ளைத் துண்டு. வண்டி பிள்ளையார் கோயில் வாசலில் போய் நின்றது. மாப்பிள்ளை உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேளம் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றேன். என்னைப் போல ஒரு பெருமைக்காரனை அன்று இந்தத் தாலுக்காவிலேயே பார்த்திருக்க முடியாது.

அப்போதுதான் கதிர்வேலு ஓடி வந்தான். மத்தியானமே அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். மேலுக்குச் சட்டை இல்லை, தலை நனைந்து ஒழுகியது. கூட்டத்துக்கு நடுவில் வராமல் ஓரமாக நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டான். போனேன். "அய்யா, மல்லிகாவுக்கு வலி எடுத்துடுச்சுங்க. ரத்தம் போவுது. ஆம்புலன்ஸ் அக்கரையில வந்து நிக்குதாம், தண்ணியில எறங்க முடியாதுங்கறாங்க. ஜீப்பு வேணுங்கய்யா. அக்கரையில விட்டுட்டு ஒடனே வந்துடறேன்" என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லாமல் எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்: "கொஞ்சம் பொறுடா கதிரு. அரை மணி நேரம். மாப்பிள்ளைய பந்தல்ல எறக்கிட்டு அப்படியே எடுத்துக்க. மாலை போட்ட வண்டிடா இது."

மேலே ஒரு வரியில் "சொல்லாமல் எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? "மறைக்காமல்" என்று எழுத நினைத்தேன். அடிக்காமல் விடுகிறேன், என் கை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உனக்கும் தெரியட்டும்.

பிற்பாடு எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பிரசவத் தீட்டு, மங்கல காரியம், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். அந்த வெள்ளைத் துண்டில் ரத்தம் பட்டுவிடுமே என்று நினைத்தது நிஜம், வெட்கத்தோடு சொல்கிறேன். ஆனால் அதெல்லாம் கூட உண்மைக் காரணம் இல்லை. நம் தெருவில் வேறு எவனாவது, நம் பங்காளி எவனாவது, அதே கோலத்தில் ஓடி வந்து அதையே கேட்டிருந்தால் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். மாப்பிள்ளை நடந்து வரட்டும் என்று சொல்லியிருப்பேன், ஊரே என்னைப் புகழ்ந்திருக்கும். கேட்டவன் நம்மிடம் வேலை செய்கிறவன், அந்தத் தெருக்காரன். அவன் பொறுப்பான் என்று என் புத்திக்குள் யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். அவனும் பொறுத்தான். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றான். வேட்டு வெடித்ததும், மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வண்டி நகரும்போது திரும்பிப் பார்த்தேன், அவன் இல்லை.

ஊர்வலம் அரை மணி நேரத்தில் முடியவில்லை. நம் ஊர்வலம் என்றைக்கு முடிந்தது? வீட்டுக்கு வீடு ஆரத்தி, மேளக்காரர் மூலைக்கு மூலை நின்று வாசிப்பு. முக்கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, மாலையோடேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. நம் டிராக்டரில் அன்று தாளடி உழவுக்காக, சேற்றில் ஓட்டுகிற இரும்புச் சக்கரம் மாட்டியிருந்தது, அதையும் ரோட்டில் எடுக்க முடியாது. அதனால் கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு தரைப்பாலத்துக்குப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நடுத்தண்ணீரில் இருந்தார்கள். ஒருவன் கால் வழுக்கிக் கட்டில் சாய்ந்து, மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். என் ஹெட்லைட் வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மயிலாடுதுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மல்லிகா போய்விட்டாள். குழந்தையும் போய்விட்டது. ஆண் குழந்தை.

மறுநாள் விடிந்ததும் நீ மெயின் ரோட்டில் வந்து இறங்கினாய், நான்தான் ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டேன். ஜீப்பை ஜோடித்ததை அக்கா உனக்குப் போனில் சொல்லியிருந்தாள், முகப்பில் மாலை இல்லையே என்று பார்த்தவுடன் கேட்டாய். விஷயத்தைச் சொன்னேன். நீ அழுதாய். தரைப்பாலத்துத் தண்ணீரில் வண்டி இறங்கியதும், "நம்ம ஜீப்ப எடுத்திருக்கலாமேப்பா?" என்று கேட்டாய். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, "நேத்து சாயங்காலம் தண்ணி இதைவிட ரெண்டடி மேலடா. நம்ம வண்டியாலயே தாண்ட முடியல" என்று சொன்னேன். சொல்லும்போது வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இக்கரை ஏறியது. முந்தின நாள் சாயங்காலமும் இதே தண்ணீர்தான், செந்தில். விரற்கடை கூட மேல் இல்லை. அன்றிலிருந்து அதையே எல்லோரிடமும் சொன்னேன். எந்தப் பாவமும் அறியாத ஒரு இரும்பு வண்டியின் மேல் பழியைப் போட்டேன்.

நீ அன்று மத்தியானம் கல்யாண வேட்டியோடேயே சுடுகாட்டுக்குப் போனாய். நான் போகவில்லை. கல்யாண வீட்டுக்காரன் போகக்கூடாது என்றார்கள், எனக்கும் வசதியாகப் போயிற்று. நீ அங்கே கதிர்வேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்றது கதிர் அண்ணே, அவ்வளவு தண்ணி. ஜீப்பே தாண்டலையே" என்று சொன்னாயாம். "ஆமாந் தம்பி" என்று அவன் தலையாட்டினானாம். கூட இருந்தவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். நான் எழுதியதிலேயே அசிங்கமான வார்த்தை இதுதான். பொண்டாட்டியையும் பிள்ளையையும் எரித்துக்கொண்டிருந்தவனிடம் என் பொய்யை உன் வாயால் சொல்ல வைத்தேன், அவன் அதற்குத் தலையாட்டினான், எனக்கு நிம்மதி. இதுதான் உன் அப்பா.

அதற்குப் பிறகும் கதிர்வேலு வேலைக்கு வந்தான். டிராக்டர் ஓட்டினான், மடை பார்த்தான், களத்தில் நெல் அள்ளினான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜீப்பை மட்டும் தொடமாட்டான். கொட்டகையில் அது நிற்கிற பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். நீங்கள் எல்லாம் நான் வண்டியின் மேல் பைத்தியம் பிடித்து அலைகிறேன் என்று நினைத்தீர்கள். தினம் காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பேன், டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன், முகம் ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். இனி எவளுக்கு வலி வந்தாலும் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிராயச்சித்தம் செய்வதாக எனக்குள் ஒரு நினைப்பு. ஆனால் பார், சாவியை மட்டும் எப்போதும் வீட்டுக்குள்ளேயே, காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தேன்.

நாலு வருடம் முன்பு புயல் அடித்த மறுநாள் காலை நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது, கதிர்வேலு ஆஸ்பத்திரியில் சேர்த்தான் என்று மட்டும் சொன்னேன். அன்று நான் மூழ்கின பயிரைப் பார்க்க வயலுக்குப் போயிருந்தேன். ஒரு போனும் வேலை செய்யவில்லை. புதுப்பாலத்துக்குப் போகிற ரோட்டில் புளியமரம் ஏழெட்டு குறுக்கே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, கொட்டகையில் ஜீப் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், "கதிர்வேலுதான் ஓட்டிக்கிட்டுப் போனான்" என்றார். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "யாரைக் கேட்டு எடுத்தான் அவன்?" என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். எட்டு வருடமாக அழுது புழுங்கியவனுக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான்.

அவன் புதுப்பாலம் பக்கமே போகவில்லை. வடிகால் கரையில் வண்டியை இறக்கி, ஒரு சக்கரம் கரையிலும் ஒரு சக்கரம் சரிவிலுமாக ஓட்டி, பழைய தரைப்பாலத்தில், இடுப்பளவு தண்ணீரில், அம்மாவை அக்கரை சேர்த்திருக்கிறான். ஆமாம், அதே இடம்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். உன் கார் அந்தக் கரையில் பத்தடி போயிருக்காது, என் மேல் கோபித்துக்கொள்ளாதே. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கதிர்வேலு வெளியே வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து சாவியை நீட்டினான். "டீசல் கம்மியா இருக்குங்க. போறப்ப பாத்துக்குங்க" என்றான். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்விட்டேன்.

அம்மா கண் விழித்த பிறகு என்னைப் பார்த்து, "கதிரு உங்களைக் கேட்டுட்டா வண்டிய எடுத்தான்?" என்றாள். இல்லை என்றேன். "நல்ல வேளை. நீங்க வீட்டுல இல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும், செந்தில். அன்றைக்கு ஆரத்தித் தட்டோடு கோயில் வாசலில் நின்றவள் அவள். உன்னிடம் சொல்ல வேண்டியது என் வேலை என்று விட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று சொன்னதும், "எழுதுங்க. ஆனா அழகா எழுதாதீங்க" என்றாள்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கதிர்வேலு வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், தான் நின்றுகொண்டான். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. சுவரில் மல்லிகாவின் படம், கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிசாக்கியது. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "கதிரு, அன்னைக்கு ஜீப்பு தாண்டியிருக்கும்டா" என்றேன்.

"தெரியுங்கய்யா" என்றான். "காலையிலேருந்து அந்தத் தண்ணியில நான்தானுங்களே ஓட்டுனேன்."

"பின்ன ஏன்டா இவ்வளவு நாளா ஒரு வார்த்தை கேக்கல? என் சட்டையப் புடிச்சிருக்கலாமேடா."

அவன் பத்திரிகையின் மூலையில் இருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "உங்களச் சொல்லி என்னங்க. சாவி வண்டியிலதாங்க தொங்குச்சு. பாத்தேன். ஏறி ஒக்காந்து ஓட்டிக்கிட்டுப் போயிருந்தா யாரு என்ன பண்ணியிருக்க முடியும்? அம்மாவுக்கு நெஞ்சு வலின்னப்ப நான் யாரையும் கேக்கலீங்க, கை தானா சாவிய எடுத்துச்சு. எம் பொண்டாட்டிக்குத்தாங்க கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றான்.

என் பக்கம் பார்க்காமல், படத்தின் பக்கமும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னான். பன்னிரண்டு வருடமாக இந்த மனிதன் என்னைச் சபிக்கிறான் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன், சபித்தால் எனக்கும் ஒரு கணக்குத் தீர்ந்தது என்றிருந்தேன். அவன் சபித்துக்கொண்டிருந்தது தன்னையே. என் தப்பை நான் மறைத்து வைத்த இடம் அவன் நெஞ்சு. மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். கேட்டால் அதற்கும் "சரிங்கய்யா" என்று சொல்லிவிடுவானே என்று பயம் வந்தது. கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்து, "தம்பி நல்லா இருக்கட்டுங்க" என்றான்.

அதனால் செந்தில், ஜீப்புக்கு மாலை கிடையாது. அது உன் கல்யாணத்துக்கே வராது. நாம் எல்லோரும் மயிலாடுதுறை மண்டபத்தில் இருக்கும் இரண்டு நாளும் அது இங்கே, ஊரில், ரோட்டைப் பார்த்து நிற்கும். நீ வாடகைக் காரில் ஊர்வலம் வா, அந்தப் பெண்ணிடம் காரணத்தை அப்படியே சொல், எப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்படுகிறாள் என்று தெரிந்துகொண்டு வரட்டும். கொச்சிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடு. அதற்குப் பூச்சுப் பூசி, பளபளவென்று ஆக்கி, கடற்கரையில் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். அது வேலை செய்கிற வண்டி. அதை வேலை செய்ய விடாதவன் நான். எனக்குப் பிறகு டீசல் போடுவதும், மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு அவ்வப்போது பார்க்கச் சொல்வதும் உன் பொறுப்பு.

காலண்டருக்குப் பின்னால் இருந்த ஆணியை நேற்றுப் பிடுங்கிவிட்டேன். அதையே கொட்டகைத் தூணில், வெளிப்பக்கம், தெருவில் போகிறவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்துச் சாவியை மாட்டியிருக்கிறேன். அந்தத் தெருவுக்கும் நம் தெருவுக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம் என்று. தலையாட்டினார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை. திருட்டுப் போகாதா என்று நீ கேட்பாய். போனால் போகட்டும்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இப்போது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, நம் வீட்டுக்கு வராமல் நேரே கதிர்வேலு வீட்டுக்குப் போ. அவன் நின்றால் நீயும் நில். சுடுகாட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது பொய் என்று உனக்கு அன்று தெரியாது, இப்போது தெரியும். "ஜீப் தாண்டியிருக்கும் அண்ணே. எங்கப்பாதான் தரல" என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா. நான் சொன்னதற்கு அவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டான். நீ சொன்னாலாவது என்னைச் சொல்வானா பார்.

அப்பா